முள்ளைப் பார்க்கவா, முடக்கைப் பார்க்கவா?

பழைய லொறி வைத்திருப்பவர்கள் தண்ணீர்ச் சூட்டுக்கும் பிரேக் காற்றுக்கும் தனியாக ஒரு மீட்டர் பூட்டிக்கொள்வது நல்லது என்று சென்ற முறை ஒரே ஒரு வரி எழுதினேன். ‘எந்த இடத்தில் பூட்ட?’ என்று பசறையிலிருந்து வெலிமடை வரை கடிதம் வந்து குவிந்துவிட்டது. ஒரு வரிக்கு இவ்வளவு தண்டனை கூடாது. இருந்தாலும் பதில் சொல்லாமல் இந்த மலையில் நடமாட முடியாது.

ஐயா, என் லொறியில் கம்பனி தந்த மீட்டரே அரைவாசி செத்துக் கிடக்கிறது. இதில் மேலதிகமாக வேறு எதற்கு?
– கொழுந்து லொறி சாரதி, பசறை

அரைவாசி செத்ததால்தான் தம்பி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கதவு முழுதாகத் திறக்க 2025 ஆகிவிட்டது. இடையில் ஊவா மலையில் கொழுந்தும் மரக்கறியும் சுமந்து ஏறி இறங்கியவை, ‘இன்னும் ஒரு வருசம் ஓடும்’ என்று ஐந்து வருசமாகச் சொல்லப்பட்ட லொறிகள். 2022 டீசல் தட்டுப்பாட்டில் நாடே பார்த்தது டீசல் மீட்டர் ஒன்றைத்தான். மற்ற முள்ளெல்லாம் எப்போது படுத்தது என்று யாருக்கும் நினைவில்லை.

புதிது வாங்க முன், செத்ததை எழுப்ப முடியுமா என்று பாருங்கள். பல நேரம் மீட்டர் உயிரோடுதான் இருக்கும். என்ஜினில் இருக்கும் சென்சரோ, துருப்பிடித்த எர்த் வயரோதான் போயிருக்கும். அப்படி எழுப்பினாலும் கம்பனி மீட்டரை முழுதாக நம்பிவிட வேண்டாம். சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் முள்ளு நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டவை அதில் நிறைய உண்டு. சாரதி வீணாகப் பயப்படக் கூடாதாம். அது அசையத் தொடங்கும்போது பயப்பட வேண்டிய நேரம் தாண்டிப் போயிருக்கும்.

வலப்பக்கக் கண்ணாடித் தூணில் இரண்டு மீட்டரை ஒன்றன் மேல் ஒன்றாகப் பூட்டலாம் என்று கராஜ் பையன் ஃபோனில் படம் காட்டினான். பார்க்க அழகாக இருக்கிறது. செய்யலாமா?
– எல்ஃப் உரிமையாளர், அப்புத்தளை

படம் அமெரிக்காவுடையதாக இருக்கும். அங்கே பாதை கயிறு போட்டு இழுத்த மாதிரி நேராக ஓடும். உங்கள் லொறியோ பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறுகிறது. வலப்பக்கமாகத் திரும்பும் ஒவ்வொரு முடக்கிலும், எதிரே என்ன வருகிறது என்று அந்த வலப்பக்கத் தூணைத் தாண்டித்தான் நீங்கள் எட்டிப் பார்க்கிறீர்கள்.

ஒரு கணக்குப் போட்டேன். தூணின் அகலம் 4 அங்குலம். உங்கள் கண்ணிலிருந்து 2 அடி தூரத்தில் நிற்கிறது. இரண்டு கண்ணுக்கும் இடையே இரண்டரை அங்குலம். அப்படியானால் 60 அடிக்கு அப்பால் அந்தத் தூண் மறைக்கும் அகலம் சுமார் 4 அடி. நேரே வருகிற மோட்டார் சைக்கிள் அதற்குள் காணாமல் போகும். இப்போது மீட்டரைப் பூட்டி அகலத்தை இன்னும் இரண்டரை அங்குலம் கூட்டுங்கள். மறைவு 10 அடி ஆகிறது. குறுக்கே திரும்பும் த்ரீவீலர் முழுதாக, ஆட்களோடு, அதற்குள் அடங்கிவிடும். இரண்டரை அங்குலம் கொடுத்து ஆறு அடி இருட்டை வாங்குகிற வியாபாரம் இது.

இடப்பக்கத் தூண்? மறைவு குறைவு. ஆனால் கெபினின் அடுத்த கரையில் இருக்கும் மீட்டரை வாசிக்க உங்களுக்குக் கழுகுக் கண் வேண்டும், இல்லாவிட்டால் வாசித்துச் சொல்ல கிளீனர் வேண்டும்.

என் வாக்கு டேஷ்போர்டுக்கு: வேக மீட்டருக்கு இடது கையோரம், ஒரு சாண் தூரத்துக்குள், முன் கண்ணாடியின் கீழ் விளிம்பைத் தாண்டி மேலே எழும்பாத உயரத்தில். ஆனால் என் வாக்கை அப்படியே எடுக்கவும் வேண்டாம். பால்மா டின் மூடி இரண்டை எடுத்து, நினைத்த இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒரு கிழமை ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கை முறிக்கும்போது உங்கள் கையே மூடியை மறைக்கிறதா, பகலில் அதன் விம்பம் கண்ணாடியில் விழுகிறதா, மனைவியின் தம்பி ஏறியதும் சோற்றுப் பார்சலை அதன் மேல் வைக்கிறாரா என்று எல்லாம் தெரியவரும். டேஷ்போர்டில் துளை போட்ட பிறகு தெரிந்து என்ன பயன்? ஓட்டுகிறவர்தான் சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கராஜ் பாஸ் அல்ல. அவருடைய உயரம் வேறு, உங்களுடையது வேறு.

தலைக்கு மேலே இருக்கும் தட்டில்?
– மரக்கறி லொறி, வெலிமடை

பற்றரி வோல்ட் மீட்டரைப் போல நாளைக்கு இரண்டு தரம் பார்த்தால் போதுமானவற்றுக்கு அது நல்ல இடம். ஏற்றத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியதை அங்கே வைத்தால், வெலிமடையிலிருந்து தம்புள்ளைக்குப் போய்ச் சேருவதற்குள் கழுத்துக்குத் தனியாக எண்ணெய் போட வேண்டி வரும்.

ரேடியோவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில்?
– பெயர் வேண்டாம், பண்டாரவளை

பாட்டில்லாமல் கொழும்பு போய் வரும் மனிதரா நீங்கள்? அந்தத் துணிச்சலுக்கு வணக்கம். ஆனால் அது கைக்குப் பக்கம், கண்ணுக்குத் தூரம். 40 கிலோமீட்டர் வேகத்தில் லொறி ஒரு செக்கனுக்கு 11 மீட்டர் ஓடுகிறது, அதாவது கிட்டத்தட்ட ஒரு பெரிய பஸ்ஸின் நீளம். தலையைக் குனிந்து, முள்ளைத் தேடி, எண்ணை வாசித்து நிமிர இரண்டு செக்கன் போனால் இரண்டு பஸ் நீளத்துக்கு லொறியை ஓட்டியது யார்?

டேஷ்போர்டில் நீங்கள் சொன்ன அதே இடத்தில் எங்கள் பிள்ளையார் இருக்கிறார். பக்கத்தில் கதிர்காமக் கந்தன். அவர்களை எழுப்பவா?
– பக்தன், லுணுகலை

எழுப்ப வேண்டாம், இடம் மாற்றிக் கொடுங்கள். கந்தனை மேல் தட்டுக்கு அனுப்பலாம். குன்றில் இருந்து பழகியவர், உயரம் அவருக்குப் பிரச்சினை இல்லை. கதிர்காமமும் நம் ஊவா மாகாணம்தான், உள்ளூர்க்காரர் கோபிக்க மாட்டார். பிள்ளையாரைக் கிளீனர் பக்கம் நகர்த்துங்கள். ஆற்றங்கரையிலும் அரச மரத்தடியிலும் உட்கார்ந்தவர், எங்கே வைத்தாலும் உட்காருவார்.

கண்ணாடியில் தொங்கும் மாலை, குஞ்சம், இரண்டு எலுமிச்சை, ஒரு பிளாஸ்டிக் கிளி, ஓடும் சிவப்பு லைட் வரிசை இவற்றுக்குத்தான் என்னிடம் சிபாரிசு இல்லை. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ என்று பொலிஸ் இறங்கி பஸ், த்ரீவீலர் அலங்காரங்களைக் கழற்றச் சொன்னபோது நாடெங்கும் எழுந்த கூச்சல் நினைவிருக்கும். கழற்றச் சொன்ன விதம் பற்றி எனக்கும் முறைப்பாடு உண்டு. கிளி பற்றி இல்லை.

கையில் இருக்கும் காசுக்கு ஒரு மீட்டர்தான் வாங்கலாம். எதை வாங்க?
– கிளீனராக இருந்து சாரதியானவன், எல்ல

நீங்கள் பாரத்தோடு ஏறுகிறவரா, பாரத்தோடு இறங்குகிறவரா? ஏறுகிறவர் என்றால் தண்ணீர்ச் சூடு. இறங்குகிறவர் என்றால் காற்று.

எல்ல ஏறத்தாழ 3,400 அடி உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய ஆயிரம் அடிக்கும் கீழே. இடையில் முப்பது கிலோமீட்டர் கூட இல்லை. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு அந்தப் பாதையில்தான் தங்காலை நகரசபை ஊழியர்கள் போன பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணத்தை அலசுவது என் வேலையில்லை. அந்த இறக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காற்று பிரேக் லொறியில் தாங்கி நிறைந்திருக்கும்போது மீட்டர் சதுர அங்குலத்துக்கு 100, 120 பவுண்டு என்று காட்டும். இறக்கம் முழுவதும் பிரேக்கை அடித்து அடித்து வந்தால் கொம்பிரஸர் நிரப்புவதற்கு முன் காற்று செலவாகும். 60 பவுண்டு அளவுக்கு இறங்கியதும் பஸர் கத்த வேண்டும். அந்தப் பஸர் உயிரோடு இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? சில லொறிகளில் சத்தம் தாங்காமல் வயரையே பிடுங்கி வைத்திருக்கிறார்கள். முதலில் அதை ஒட்டுங்கள், செலவு ஒரு பிளேன்டீ காசு. முடக்குப் பாதையில் கண் வேறு வேலையில் இருக்கும், காது சும்மாதான் இருக்கிறது. அதனால் எந்த மீட்டர் வாங்கினாலும் பஸரோடு சேர்ந்ததாக வாங்குங்கள்.

சிறிய லொறிகளில் காற்று இல்லை. எண்ணெய் பிரேக்குக்கு வேக்குவம் துணை நிற்கும். வேக்குவம் போனால் மிதி கல்லாகிவிடும். என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கும் மேதைகள் கவனிக்க: ஒன்றிரண்டு மிதிக்குத்தான் அது தாங்கும். பதுளைக்கு 1924இல் ரயில் வந்ததே, அதுவும் வேக்குவம் பிரேக்கை நம்பித்தான் இந்த மலையில் இறங்கியது. ரயில் ஓட்டுகிறவர் கண் முன்னே வேக்குவம் மீட்டர் எப்போதும் இருக்கும். அவருக்குத் தண்டவாளமே வழி காட்டுகிறது, முடக்கில் ஸ்டியரிங் முறிக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அவர் அதைப் பார்க்கிறார்.

இதையும் கேளுங்கள். பிரேக் டிரம் எவ்வளவு சுட்டிருக்கிறது என்று காட்ட உங்கள் லொறியில் எந்த முள்ளும் கிடையாது. காற்று 110இல் கம்பீரமாக நிற்கும், தண்ணீர்ச் சூடு இறக்கத்தில் வழக்கத்தை விடக் குறைவாகவே காட்டும், பிரேக் மட்டும் பிடிக்காது. டிரம் சூட்டுக்கான மீட்டர் உங்கள் முகத்தின் நடுவில் பூட்டப்பட்டிருக்கிறது. கருகல் வாசம் வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். சுட்ட டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும். ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதற்கு மேல் இறங்கும்போது போடாதீர்கள். இதெல்லாம் தெரிந்ததுதான் என்பீர்கள். தெரிந்தவர்கள் போன பிறகும் அந்தப் பாதையில் கருகல் வாசம் வருகிறதே.

அப்புத்தளையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று மகள் பாடசாலையில் படித்துவிட்டு வந்து சொல்கிறாள். அப்படியென்றால் மீட்டர் பொய் சொல்லுமா?
– ஒரு தகப்பன், தியத்தலாவை

மகள் சொல்வது சரி. ஏறத்தாழ ஆயிரம் அடிக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை குறையும். 4,700 அடியில் இருக்கும் அப்புத்தளையில் கேத்தல் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி நல்லதாக இருந்தால் உள்ளே அழுத்தம் நின்று, கொதிநிலையை 20 பாகைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கும். மூடியின் ரப்பர் போனால் உங்கள் ரேடியேட்டரும் ஒரு கேத்தல்தான். அதனால் மீட்டர் வாங்கும் அன்றைக்கு மூடியையும் மாற்றுங்கள்.

மீட்டர் பொய் சொல்லும் சந்தர்ப்பம் வேறு ஒன்று இருக்கிறது. தண்ணீர் முழுதாக ஒழுகிப் போய்விட்டால் சென்சர் காய்ந்து காற்றில் நிற்கும். முள்ளு கீழே இறங்கும். ‘அடடா, குளிர்ந்துவிட்டது’ என்று சாரதி இன்னும் அழுத்துவார். ஏற்றத்தில் முள்ளு திடீரென்று இறங்கினால் சந்தோசப்படாதீர்கள்.

எண்ணெய் அழுத்த மீட்டருக்கு வயர் வைத்ததா, செம்புக் குழாய் வைத்ததா நல்லது?
– கென்டர் சாரதி, ஹாலிஎல

குழாய் வைத்தது பொய் சொல்லாது. ஆனால் என்ஜினின் கொதிக்கும் எண்ணெயைக் கெபினுக்குள், உங்கள் முழங்கால் வரைக்கும் அழைத்து வருகிறது. நான் ஒருமுறை ஏறிப்போன லொறியில் அந்தக் குழாய் மூட்டு கசிந்தது. சாரதி அண்ணன் அதற்குள் ஒரு முடக்கையும் ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்து எடுத்தார். இரண்டும் சரியாகவே வந்தன. சாரம் மட்டும் போய்விட்டது. வயர் வைத்ததை வாங்குங்கள்.

உங்களுடையது கெபினை முன்பக்கம் கவிழ்த்து என்ஜின் பார்க்கிற லொறி. இதை மறந்து வயரை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறவர்கள் அநேகம். பூட்டிய அன்று எல்லாம் ஜோராக வேலை செய்யும். அடுத்த சேர்விஸில் கெபினைக் கவிழ்த்ததும் வயர் அறுந்து மீட்டர் கண்ணை மூடும். கீல் இருக்கும் இடத்தில் பழைய வயர்க் கட்டு எந்த வழியில் போகிறதோ அதே வழியில், அதே தொய்வோடு விடுங்கள். 24 வோல்ட் லொறியில் 12 வோல்ட் மீட்டரைப் பூட்ட வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தைப் படித்த பிறகு சொல்கிறேன்: பூட்ட வேண்டாம்.

மூன்று மீட்டர் பூட்டிவிட்டேன். ஒன்று எண்பது, ஒன்று ஏழு, ஒன்று இருபத்தாறு காட்டுகிறது. எது சரி, எது பிழை என்று ஓடும்போது மூளை வேலை செய்யவில்லை.
– கணக்கில் சுமார், மடுல்சீமை

மூளையில் பிழையில்லை, முள்ளின் திசையில் பிழை. லொறி நல்ல சுகத்தோடு ஓடும்போது ஒவ்வொரு முள்ளும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு மீட்டரின் பின்பக்கப் பிடியைத் தளர்த்தி, அந்த நிலையில் முள்ளு நேரே மேலே பார்க்கும்படி மீட்டரையே திருப்பி இறுக்குங்கள். மூன்று முள்ளும் தேர்முட்டியில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து நின்றால் எல்லாம் சுகம். ஒன்று சரிந்தால், எண்ணை வாசிக்காமலே கண் பிடித்துவிடும். பந்தயக் காரிலும் பழைய விமானங்களிலும் செய்கிற வேலை இது. எண்கள் கோணலாக நிற்கும். பக்கத்தில் உட்காருகிறவர் ‘என்ன, தலைகீழாகப் பூட்டியிருக்கிறாய்?’ என்று கேட்பார். ஆம் என்று சொல்லிவிடுங்கள், விளக்கிச் சொல்ல பெரகலை வரை ஆகும்.

இரவுக்கு ஒன்று: மீட்டர் லைட்டை பார்க் லைட் வயரோடு சேருங்கள், அதற்கு ஒரு சின்னக் கறுப்புத் தொப்பியும் போடுங்கள். அப்புத்தளை மூடுபனிக்குள் கண்ணாடி முழுக்க நீல வெளிச்சம் மிதந்தால் அது பாதையா, டேஷ்போர்டா என்று முடிவெடுப்பதற்குள் முடக்கு முடிந்துவிடும்.

ஸ்டியரிங்கின் நடுவில் பூட்டினால்?
– புத்திசாலி, பதுளை

வயரை எண்ணிக்கொண்டு திரும்புங்கள்.

வீட்டுக்காரர் லொறிக்கு மூன்று மீட்டர் வாங்கிவிட்டார். சமையலறையில் கேஸ் எப்போது முடியும் என்று காட்ட ஒன்றும் இல்லை. பாதிச் சோற்றில் அடுப்பு அணைகிறது. இது நியாயமா?
– லொறிக்காரர் மனைவி, பண்டாரவளை

நியாயமில்லை அக்கா. ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழே ஒரு முறை துடைத்துவிட்டுச் சற்று நில்லுங்கள். மேல்பகுதி முதலில் காயும். கேஸ் திரவமாக இருக்கும் மட்டத்திலிருந்து கீழே ஈரம் காய நேரமெடுக்கும். அந்தக் கோடுதான் உங்கள் மீட்டர். வீட்டுக்காரர் பார்க்கும் இடமாகப் பார்த்து சிலிண்டரை வையுங்கள், வாங்கி வருவது அவர்தானே.

லொறிக்கு எங்கே மீட்டர் பூட்டுவது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். நாங்கள் பறிக்கிற கொழுந்தை நிறுக்கும் தராசின் முகம் யார் பக்கம் இருக்க வேண்டும் என்று எழுதுவீர்களா?
– கொழுந்து பறிக்கும் பெண், ஸ்பிரிங்வெலி

இந்தக் கட்டில் வந்ததிலேயே கடினமான கேள்வி இதுதான் அக்கா, மற்றதெல்லாம் வயர் வேலை.

சாரதிக்கு நான் சொன்ன விதியே இங்கும்: முள்ளு சரிந்தால் யாருக்கு நட்டமோ அவர் கண்ணுக்கு நேரே மீட்டர் இருக்க வேண்டும். லொறியில் என்ஜின் எரிந்தால் சாரதிக்கு நட்டம், அதனால் சாரதி பக்கம். தராசில் இரண்டு கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளைக்கா நட்டம்? ஆனால் தராசு அவர் பக்கம் பார்த்து நிற்கிறது. கூடையைத் தூக்கிக் கொடுத்த நீங்கள் அதன் முதுகைப் பார்க்கிறீர்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு ஒரு எண் வாயால் வருகிறது. 2024இல் நாள் சம்பளம் 1,350 என்று முடிவானபோது கூடுதலாகப் பறிக்கும் கிலோவுக்குத் தனிக் காசு என்றார்கள். அப்படியானால் ஒவ்வொரு கிலோவும் காசு. அந்தக் காசைக் காட்டுகிற முள்ளைப் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லையா?

நிறுக்கிற தராசுகளுக்கென்று 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இருக்கிறது. தராசை வருடந்தோறும் சரிபார்த்து முத்திரை இட வேண்டும். இந்த வருட முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் ‘வாய் நீளம்’ என்பார்கள், பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். டிஜிட்டல் தராசுக்கு இரண்டு பக்கமும் எண் தெரிகிற முகம் வாங்கலாம். சந்தையில் மீன் விற்பவரே வைத்திருக்கிறார். தோட்டத்துக்கு அது கட்டுபடியாகாது என்று சொன்னால், எந்த மீன்கடையில் வாங்கலாம் என்று விலாசம் தர நான் தயார்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு எழுதுகிற நீங்கள் எப்போதாவது லொறி ஓட்டியிருக்கிறீர்களா?
– சந்தேகப் பிராணி, நமுனுகுல

ஒரே ஒரு தரம், ஹாலிஎலயிலிருந்து பதுளைப் பக்கமாக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாரதி அண்ணன் ஒரு மீட்டரையும் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அதில் சிவப்பு லைட் எரிகிறது என்று சொல்லி மூன்றாவது முடக்கில் இறக்கிவிட்டார்.